என் முகத்தை நம்பிய தம்பி

அந்தச் செய்தி வந்தபோது இரவு மணி பதினொன்றரை. மறுநாள் ஒப்படைக்கவேண்டிய பாடப்பணியின் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். அனுப்பியவரை எனக்கு முன்பின் தெரியாது. ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தார்; முதல் சொல் மட்டும் தமிழ். “அக்கா, என் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் காவல்துறைக்குப் போகமாட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன்.”

ஆள் மாறிவிட்டது என்று பதில் போட்டேன். அரை நிமிடத்தில் ஒரு படம் வந்தது. படத்தில் இருந்தது நான். என் அறைச் சுவர், என் பழைய மூக்குக்கண்ணாடி, வலக்கையில் என் அடையாள அட்டை, இடக்கையில் ஒரு வெள்ளைத்தாள். தாளில் இருந்த வரிகள் மட்டும் மாறியிருந்தன. நான் எழுதிய தேதி போய்ப் புதிய தேதி வந்திருந்தது. கூடவே, நான் கேள்விப்பட்டிராத ஒரு கணக்குப் பெயர். என் கையெழுத்தைப் போலவே தெரியவேண்டும் என்று யாரோ மெனக்கெட்டிருந்தார்கள்.

என் முகத்தைக் காட்டி, என் பெயரைச் சொல்லி, அந்தத் தம்பியிடம் 1,800 யுஎஸ்டிடியை வாங்கிக்கொண்டு ஒருவர் மறைந்துவிட்டார்.

யுஎஸ்டிடி என்பது, ஒன்றின் மதிப்பு ஓர் அமெரிக்க டாலரை ஒட்டியே இருக்கும்படி வெளியிடப்படும் மெய்நிகர் நாணயம். பிட்காயினைப்போல் காலையில் ஏறி மாலையில் இறங்காது என்பதால், இணையத்தில் சிறுசிறு வேலை செய்பவர்களுக்குப் பலர் இதில்தான் கூலி கொடுக்கிறார்கள். அவன் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். வெளிநாட்டு இணைய விளையாட்டுக் குழு ஒன்றுக்குக் காணொளி தொகுத்துக் கொடுத்து, ஏழு மாதங்களில் சேர்த்த பணம் அது. சிங்கப்பூர் வெள்ளியில் இரண்டாயிரத்துக்கும் மேல்.

அந்தப் படம் எப்படி வெளியே போனது என்பதை நான் யாரிடமும் துப்பறியச் சொல்லவேண்டியதில்லை. அனுப்பியதே நான்தான்.

பல்கலைக்கழக முதலாண்டு முடிந்த விடுமுறை. அவனைப் போலவே எனக்கும் ஒரு சிறு வேலை கிடைத்தது. ஒரு விளையாட்டுச் செயலியின் வாசகங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். கூலி 240 யுஎஸ்டிடி. அதை வெள்ளியாக்க உரிமம்பெற்ற தளங்கள் இருக்கின்றன. ஆனால், நேரடியாக ஆளுக்கு ஆள் விற்கும் குழு ஒன்று இருக்கிறது, கட்டணமே இல்லை, விலையும் இரண்டு காசு கூடுதல் என்று ஒரு தோழி சொன்னார். குறுஞ்செய்திச் செயலி ஒன்றில் இயங்கிய குழு. ஏறக்குறைய 600 பேர் இருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும்படி ஒரு விதி: சரிபார்க்கப்படாதவர்கள் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. சரிபார்ப்பு என்றால், ஒரு கையில் அடையாள அட்டை, மறுகையில் குழுவின் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாள், நடுவில் முகம். அனுப்பினால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி ஒன்று வரும்.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த விதியைப் பார்த்ததும் எனக்குப் பயம் வரவில்லை, நிம்மதி வந்தது. இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்களே, ஏமாற்றுக்காரர்கள் இங்கே வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வாசலில் காவலாளி நின்றால் அது நல்ல கட்டடம் என்று நினைப்பதில்லையா, அப்படி. அந்தக் காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று நான் கேட்கவில்லை.

என் பரிமாற்றம் நல்லபடியாகவே முடிந்தது. ஏறத்தாழ 300 வெள்ளி, பத்து நிமிடத்தில் என் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. நன்றியோடு, “விரைவாக அனுப்பினார், நம்பலாம்” என்று குழுவில் ஒரு வரியும் எழுதினேன். அந்த வரிக்குப் பின்னால் வருகிறேன்.

அந்தத் தம்பி என்ன செய்தான் என்பதை முதலில் சொல்லவேண்டும். ஏனென்றால், இந்த மாதிரிச் செய்திகளைப் படிக்கும்போது நம்மில் பலருக்கு உடனே தோன்றுவது, “கொஞ்சம் விசாரித்திருக்கலாமே” என்பதுதான். அவன் விசாரித்தான். படத்தில் இருந்த பெயரை இணையத்தில் தேடினான். பல்கலைக்கழக மாணவர் சங்கப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் விவாதப் போட்டியில் கலந்துகொண்ட குழுப் படம் கிடைத்தது. இரண்டிலும் அதே முகம். குழுவில் என்னைப் பற்றிப் புகார் ஏதும் இல்லை. “தமிழ் அக்கா, யூனியில் படிக்கிறார், விவாதமெல்லாம் பேசியிருக்கிறார். இவரை நம்பாமல் யாரை நம்புவது என்று நினைத்தேன்” என்று பிறகு என்னிடம் சொன்னான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று தொடக்கப்பள்ளியில் படித்திருக்கிறோம். அவன் தீர விசாரித்தான். அவன் கண்டறிந்ததெல்லாம் மெய்தான். அந்தப் பெயரில் ஒரு பெண் இருக்கிறாள், அந்த முகம் அவளுடையது, அவள் மேல் எந்தப் புகாரும் இல்லை. அவன் சரிபார்க்காதது ஒன்றே ஒன்று: அந்தப் பெண்ணும், மறுமுனையில் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரும் ஒரே ஆள்தானா? அதைச் சரிபார்க்க அவனிடம் வழியும் இல்லை. அந்தப் படம்தான் அந்த வழி என்று குழு அவனை நம்பவைத்திருந்தது.

அடையாளம் காட்டுவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. சிங்கப்பூரில் இந்த வேறுபாடு 2024 டிசம்பரில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் யார் தேடினாலும் மற்றவர்களின் அடையாள அட்டை எண் முழுமையாகத் தெரிந்ததால் எழுந்த சர்ச்சை நினைவிருக்கலாம். அப்போது அரசாங்கம் விளக்கிய செய்தி இதுதான்: அந்த எண் ஒருவரைக் குறிப்பிடுவதற்கானது, பெயரைப்போல. அதைத் தெரிந்துவைத்திருப்பதாலேயே ஒருவர் அந்த ஆள் ஆகிவிடமாட்டார். ஆகவே அதைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்தக்கூடாது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அது புரியவே ஒரு வாரம் ஆனது. “அப்படியென்றால் இத்தனை நாள் கிளினிக்கிலும் பேங்கிலும் எதற்கு அதைக் கேட்டார்கள்?” என்றார். நியாயமான கேள்வி. நானும் சிரித்துவிட்டு, பெரிய அறிவாளிபோல விளக்கினேன். எண்ணுக்குப் பொருந்துவது அட்டையின் படத்துக்கும் பொருந்தும், அட்டையைப் பிடித்த முகத்தின் படத்துக்கும் பொருந்தும் என்பது எனக்கே உறைக்கவில்லை. படம் என்பது நகல். ஒருமுறை கொடுத்துவிட்டால் வைத்திருப்பவரெல்லாம் காட்டலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெய்நிகர் நாணயத்தின் அடித்தளமே இந்தச் சிக்கலுக்கான விடைதான். ஒவ்வொரு பணப்பைக்கும் ஒரு சோடிச் சாவி உண்டு. ஒன்றை ஊருக்கே காட்டலாம். மற்றொன்றை யாருக்கும் காட்டக்கூடாது. மறைத்துவைத்த சாவியைக் கொண்டு எந்த வாக்கியத்தின்மீதும் மின்னிலக்கக் கையொப்பம் இடலாம். காட்டிய சாவியைக் கொண்டு அந்தக் கையொப்பம் சரியா என்று எவரும் பார்க்கலாம். வாக்கியத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. ஆகவே, “இன்றைய தேதியையும் என் பெயரையும் எழுதிக் கையொப்பம் போடுங்கள்” என்று கேட்டால், சாவி இல்லாதவரால் முடியாது. என் தாளில் தேதியை மாற்றியதுபோல் இதை மாற்ற முடியாது. இவ்வளவு வலுவான கருவியின்மீது கட்டப்பட்ட ஒரு சந்தை, கடைசியில் கைப்பேசியில் எடுத்த படத்தை நம்பி நடக்கிறது.

அந்தக் கருவி இருந்தும் பெரியவர்களே ஏமாந்த கதை ஒன்று உண்டு. பிட்காயினை 2008ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியவர் சத்தோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் எழுதியவர். அவர் யார் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. 2016 மே மாதம், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரேக் ரைட் என்பவர் தாமே சத்தோஷி என்றார். மெய்ப்பிப்பது எளிது: சத்தோஷியின் ஆரம்பகாலச் சாவியால் புதிய வாக்கியம் ஒன்றில் கையொப்பமிட்டால் போதும். ரைட் தம் இணையத்தளத்தில் ஒரு கையொப்பத்தைக் காட்டினார். சில மணி நேரத்துக்குள் வல்லுநர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அது 2009இல் சத்தோஷி செய்த ஒரு பரிமாற்றத்தில் ஏற்கெனவே இருந்த கையொப்பம், பொதுப் பேரேட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடியது. கையொப்பம் உண்மை. அதைக் கொண்டுவந்த கை வேறு. என் படத்துக்கு நடந்ததும் இதுவே.

ஆனாலும் சிலர் நம்பினார்கள். பிட்காயின் மென்பொருளின் முன்னணி உருவாக்குநராக இருந்த கெவின் ஆண்ட்ரசன், லண்டனில் ரைட் தனியாகக் காட்டிய செயல்விளக்கத்தைப் பார்த்துவிட்டு அவரே சத்தோஷி என்று அறிவித்தார். அவ்வளவு நம்பியது தவறு என்று 2023இல் எழுதினார். 2024 மார்ச் 14ஆம் தேதி, லண்டன் உயர் நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் மெல்லர், ரைட் சத்தோஷி அல்லர் என்று தீர்ப்பளித்தார். நீதிமன்றத்தில் அவர் முன்வைத்த ஆவணங்கள் பல போலியாக உருவாக்கப்பட்டவை என்றும் பின்னர் வெளியான எழுத்துத் தீர்ப்பு கூறியது. ஒரு துறையின் மூத்த உருவாக்குநரே நேரில் பார்த்து ஏமாறலாம் என்றால், பத்தொன்பது வயதுத் தம்பியை நாம் எந்த வாயால் குறைசொல்வது?

என்னைப் பொறுத்தவரை, அன்றிரவு சிக்கல் தலைகீழாக வந்து நின்றது. நான் ஏமாற்றவில்லை என்று எழுதினேன். அவன் கேட்டான்: “நீங்கள்தான் அந்த அக்கா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அவர் இல்லை என்றும் எப்படித் தெரியும்?” எனக்குப் பதில் வரவில்லை. நான் நான்தான் என்று காட்ட என்னிடம் இருந்தது என் முகமும் என் அட்டையும்தான். இரண்டும் அவனை ஏற்கெனவே ஏமாற்றிவிட்டன. காணொளி அழைப்பில் பேசலாமா என்றேன். மறுத்துவிட்டான். அவன் மறுத்ததிலும் நியாயம் இருந்தது. ஹாங்காங்கில் ஒரு நிறுவன ஊழியர், மேலதிகாரிகள் கலந்துகொண்டதாக நம்பிய ஒரு காணொளிக் கூட்டத்துக்குப் பிறகு 200 மில்லியன் ஹாங்காங் டாலரை அனுப்பிவைத்தார். அந்தக் கூட்டத்தில் அவர் பார்த்த முகங்கள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவை. 2024 பிப்ரவரியில் உலகெங்கும் வந்த செய்தி அது. தம்பி படித்திருக்கிறான்.

கடைசியில், வட்டார நூலகம் ஒன்றின் வாசலில் சந்தித்தோம். சனிக்கிழமை, நண்பகல், கூட்டமான நேரம். அவன் தனியாக வரவில்லை. பத்தடி தள்ளி, காசு போடும் பான இயந்திரத்துக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு அவன் அண்ணன் நின்றார். அரை மணி நேரம் நாங்கள் பேசிய பிறகுதான் அருகே வந்தார். என் கைப்பேசியில் இருந்த அசல் படத்தைக் காட்டினேன். எடுத்த நாளும், தாளில் நான் எழுதிய சொற்களும் அதில் இருந்தன. அண்ணன் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். “நீங்களும் மாட்டிக்கிட்டீங்க” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கிருந்து மூவரும் காவல் நிலையத்துக்குப் போய் இரண்டு புகார் கொடுத்தோம்.

பணம் போன வழியும் தெரிந்தது. பரிமாற்றங்கள் பொதுப் பேரேட்டில் இருப்பதால், அவனுடைய 1,800 யுஎஸ்டிடி ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து மேலும் சில முகவரிகளுக்கும் போனதைப் பேருந்தில் திரும்பும்போது அவன் எனக்குக் காட்டினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பணம் நடந்து போவதைப் பார்ப்பதுபோல் இருந்தது. தட்டிக் கூப்பிட முடியாது.

இனி, நான் எழுதிய அந்த ஒரு வரி. “நம்பலாம்.”

இரண்டாம் ஆண்டில் வலைப்பின்னல் பகுப்பாய்வு பாடத்துக்காக, அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் தரவு ஒன்றைப் பதிவிறக்கினோம். பிட்காயின் ஓடிசி என்ற பழைய சந்தையின் நம்பிக்கைப் பதிவேடு அது. முகம் தெரியாதவர்கள் பிட்காயின் வாங்கி விற்ற இடம் என்பதால், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கழித்தல் 10 முதல் கூட்டல் 10 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். 5,881 பேர், 35,592 மதிப்பெண்கள். பெயர்கள் இல்லை, எல்லாரும் எண்கள். முதல் நாள் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாருக்கும் கண்ணில் பட்டது, மதிப்பெண்களில் 100க்கு 89 நல்லவை. “பரவாயில்லையே, நல்ல மனிதர்கள்” என்று என் குழுவில் ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன்.

இப்போது அந்த 89 விழுக்காட்டை வேறு மாதிரி பார்க்கிறேன். அதில் என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர்? சிறிய தொகை, ஒரே ஒரு பரிமாற்றம், பத்து நிமிடத்தில் பணம் வந்துவிட்டது, மகிழ்ச்சியில் ஒரு நல்ல வார்த்தை. பொய் இல்லை. ஆனால், 300 வெள்ளிக்கு நேர்மையாக இருந்தவர் 3,000 வெள்ளிக்கும் நேர்மையாக இருப்பார் என்பதற்கு அதில் என்ன ஆதாரம்? எனக்கு வந்த அந்த 300 வெள்ளி, என் நல்ல வார்த்தைக்குக் கொடுத்த விலையோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. தம்பி அந்தக் குழுவில் சேர்ந்தபோது, நான் எழுதிய வரி அங்கேயே இருந்தது. படித்திருக்கிறான். என் முகம் திருடப்பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். என் சொல்லை யாரும் திருடவில்லை. நானே போட்டுவிட்டு வந்தேன்.

நற்பெயரைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் உடைக்கும் வித்தைக்குப் பிட்காயின் உலகில் பழைய எடுத்துக்காட்டு, டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த டிரெண்டன் ஷேவர்ஸ். ‘பைரேட்அட்40’ என்ற பெயரில் இணையத்தில் உலவியவர். 2011, 2012 ஆண்டுகளில் ‘பிட்காயின் சேவிங்ஸ் அண்ட் டிரஸ்ட்’ என்ற திட்டத்தை நடத்தி, வாரத்துக்கு 7 விழுக்காடு வரை வட்டி தருவதாகச் சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 7 விழுக்காடு, வட்டிக்கு வட்டி சேர்ந்தால், 100 வெள்ளி ஓராண்டில் 3,300 வெள்ளியைத் தாண்டிவிடும். எந்த வியாபாரத்தில் இது முடியும்? ஆனால், மாதக்கணக்கில் சொன்ன நேரத்தில் வட்டி வந்தது. வாங்கியவர்கள் நல்ல வார்த்தை எழுதினார்கள். அதைப் படித்துப் புதியவர்கள் வந்தார்கள். அவர்கள் போட்ட பணம்தான் பழையவர்களுக்கு வட்டியாகப் போனது. 2012 ஆகஸ்டில் எல்லாம் முடிந்தது. குறைந்தது 700,000 பிட்காயின் திரட்டப்பட்டதாக அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2013இல் தொடுத்த வழக்கில் கூறியது. அன்றைய விலையில் 4.5 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல். 2016இல் அவருக்கு ஒன்றரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

அவர் விஷயத்தில் ஆள்மாறாட்டமே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். எல்லாரும் பேசிய அந்த ஆள்தான் அந்த ஆள். இங்கே சிங்கப்பூரில் பதிவுசெய்யப்பட்ட டெராஃபார்ம் லேப்ஸ் நிறுவனத்தின் கதையும் அப்படித்தான். அதன் இணை நிறுவனர் டோ குவோனின் முகமும் பெயரும் உலகுக்கே தெரியும். 2022 மே மாதம் அவர் நிறுவனத்தின் நாணயங்கள் சில நாள்களில் சரிந்து, ஏறத்தாழ 40 பில்லியன் அமெரிக்க டாலர் மதிப்பு கரைந்தது. 2025 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் அவர் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். யாருக்கும் அவர் யார் என்பதில் ஐயம் இருந்ததில்லை.

ஆகவேதான், நமக்குச் சொல்லித்தரப்படும் “எதிரே இருப்பவர் யார் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்” என்ற அறிவுரை பாதிக் கிணறுதான் என்கிறேன். காவல்துறையின் புள்ளிவிவரப்படி, 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மோசடிகளால் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. அதில் ஏறத்தாழ கால் பங்கு மெய்நிகர் நாணயமாகப் போனது. பெரும்பாலான சம்பவங்களில், ஐந்தில் நான்குக்கும் மேல், பணத்தை அனுப்பியவர்கள் பாதிக்கப்பட்டவர்களேதான். கணக்குக்குள் யாரும் புகுந்து எடுக்கவில்லை. நம்பி, தாங்களே பொத்தானை அழுத்தினார்கள். இவர்களில் விசாரிக்காதவர்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்று நான் நம்பவில்லை.

பள்ளியில் மோசடித் தடுப்பு உரை கேட்டிருப்பீர்கள். நானும் உயர்நிலை மூன்றிலும் தொடக்கக் கல்லூரியிலும் கேட்டேன். சுவரொட்டி வரைந்து பரிசுகூட வாங்கினேன். சந்தேகமான இணைப்பைத் தொடாதே, ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சொல்லாதே. எல்லாம் சரி. அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பாதே என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. வாடகை அறைக்கு, பகுதிநேர வேலைக்கு, இசைநிகழ்ச்சி நுழைவுச்சீட்டைக் கைமாற்றுவதற்கு என்று நம் வயதினர் இந்தப் படத்தை எத்தனை இடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்! கேட்பவர் கேட்டால் கொடுப்பது மரியாதை என்றே வளர்ந்திருக்கிறோம்.

உரிமம்பெற்ற தளங்களும் அடையாளம் கேட்கின்றனவே என்று ஒரு நண்பர் வாதாடினார். கேட்கின்றன, கேட்கத்தான் வேண்டும், அது சட்டம். ஆனால், அங்கே சிங்பாஸ் வழியாக நுழையும்போது, என் கைப்பேசியில், என் கைரேகையோடு, அந்த நேரத்தில் நான் ஒப்புதல் தருகிறேன். நாளைக்கு இன்னொருவர் எடுத்துக் காட்டும்படி அங்கே ஒரு படத்தை நான் விட்டுவரவில்லை. அதைவிட முக்கியம், அந்த நிறுவனம் தவறு செய்தால் அதைக் கேள்வி கேட்க ஒரு வாசல் உண்டு. கட்டணச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றிருக்கிறதா என்று சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் இரண்டு நிமிடத்தில் பார்க்கலாம். உரிமம் இருப்பதால் நாணயத்தின் விலை சரியாது என்று பொருளல்ல. பொதுமக்களிடம் இதை விளம்பரப்படுத்தவேண்டாம் என்று 2022 ஜனவரியிலேயே அந்த நிறுவனங்களுக்கு ஆணையம் சொல்லிவிட்டது.

குழுவில் எதிரே இருப்பவரைப் பார்த்து “நீ யார்?” என்று கேட்பதைவிட, “நீ ஓடிவிட்டால் என் பணம் எங்கே இருக்கும்?” என்று கேட்பது மேல் என்று நான் இப்போது நினைக்கிறேன். முதல் கேள்விக்கு ஒரு படத்தை அனுப்பிப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு முடியாது. “நடுவர் ஒருவரிடம் இருக்கும்” என்பார்கள். அந்த நடுவர் யார், அவரைக் குழுவில் அமர்த்தியது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அதே நிர்வாகிதான் வேறு பெயரில் இருப்பார். 600 பேர் இருந்த அந்தக் குழுவில் உண்மையில் எத்தனை மனிதர்கள் இருந்தார்கள் என்பதே எனக்கு இப்போது சந்தேகம்.

நம்மவர் என்ற நம்பிக்கையைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. அவன் என்னை நம்பியதற்கு முதல் காரணம், நான் தமிழ்ப் பெண் என்பது. சிறுபான்மைச் சமூகத்தில் அந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. டியூஷன் ஆசிரியர் முதல் தீபாவளிக்கு முறுக்கு சுட்டுத் தருபவர் வரை நாம் அப்படித்தான் ஆள் தேடுகிறோம், பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறது. அதை விட்டுவிடு என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூலக வாசலில் அவன் அண்ணன் பத்தடி தள்ளி நின்றதும் அந்த வகை நம்பிக்கைதான், ஆனால் அது ஆளை நேரில் தெரிந்த நம்பிக்கை. அவன் பணம் போன பிறகு மூன்று வாரம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எழுதிய பிறகுதான் அண்ணனிடம் சொன்னான். முதல் நாளே அண்ணனிடம் சொல்லியிருந்தால், அல்லது 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்திருந்தால், பணம் வேறு தளத்துக்குப் போவதற்குள் ஏதாவது செய்திருக்கமுடியுமா? தெரியாது. மூன்று வாரம் தனியாகத் தூங்காமல் இருந்திருக்கமாட்டான்.

நாங்கள் இப்போதும் எப்போதாவது பேசிக்கொள்கிறோம். அவன் இறுதியாண்டுத் தேர்வை முடித்துவிட்டான். போன மாதம், நான் என் பங்குக்கு அந்தக் குழுவின் நிர்வாகிக்கு எழுதினேன். குழு பெயர் மாறிவிட்டது, ஆனால் இயங்குகிறது. என் படத்தையும், “நம்பலாம்” என்று நான் எழுதிய வரியையும் நீக்கும்படி கேட்டேன். இரண்டு நாள் கழித்து, மிகவும் மரியாதையான பதில் வந்தது. நீக்குவதில் தடையில்லை, ஆனால் கோருவது நான்தான் என்று அவர்கள் உறுதிசெய்துகொள்ள வேண்டுமாம். அடையாள அட்டையை முகத்தருகே பிடித்து, அன்றைய தேதி எழுதிய தாளுடன், புதிதாக ஒரு படம் அனுப்பச் சொன்னார்கள்.